அத்தையின் பல்லில் சாய்ந்த காலணா

காசைப் படம் எடுப்பது மனிதர்களைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம். மனிதரிடம், கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். காசு சொன்ன பேச்சைக் கேட்காது. மேசையில் மட்டமாகப் படுத்துக்கொண்டு, மேலே நீட்டிய செல்போனின் நிழலைத்தான் தன் முகத்தில் வாங்கிக் காட்டும். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து, காசும் அதற்குத் தக்கபடி லேசாகச் சாய்ந்திருந்தால் தேய்ந்துபோன எழுத்துகூட எழும்பி வரும். எதன் மேல் சாய்ப்பது என்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கேள்வி.

நான் பெரிய நாணய நிபுணன் என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பதியில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறவன். என் மனைவிக்குச் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் வீடு சித்தூரில். தினமும் பஸ்ஸில் போய்வருவது என் தலையெழுத்து. பழைய செம்பு, பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட வருகிறவர்கள் சில சமயம் சொம்புக்குள் கிடந்த செல்லாக் காசையும் சேர்த்துத் தராசில் கொட்டுவார்கள். முதலாளி அதைப் பொறுக்கி என் பக்கம் தள்ளுவார். அப்படித்தான் இந்தப் பைத்தியம் தொற்றியது.

தொற்றியது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என்னைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். என் முதல் படத்தைப் போட்டதும் ஒருவர் கேட்டார்: "சார், இது காசா, சுட்ட அப்பளமா?" அதற்குக் கீழே பதினைந்து சிரிப்பு முகங்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்த பில் போடுகிறவன் வீட்டில் என்னென்ன செய்வான் என்பதை என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு அரிசி டப்பாக்களை நிறுத்தி, குறுக்கே இரண்டு ஸ்கேலை வைத்து, அதன்மேல் செல்போனைக் குப்புறக் கிடத்தினேன். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம். இதெல்லாம் சுலபம். சாய்மானம்தான் அகப்படவில்லை. ரப்பர் துண்டு வைத்தேன். காசு வழுக்கிக்கொண்டு போய்ப் பீரோவுக்கடியில் ஒளிந்தது. துணி கிளிப் வைத்தேன். கிளிப்பின் நிழல் காசின் மேல் விழுந்து, ராஜா ஜெயிலில் இருப்பதுபோல் தெரிந்தது. சப்பாத்தி மாவு உருண்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் எழுத்துக்குள் எல்லாம் மாவு புகுந்துகொண்டது. அரை எலுமிச்சம்பழமும் ஒருநாள் புளி உருண்டையும் வைத்துப் பார்த்தேன். புளியில் சாய்ந்திருந்த செம்புக் காசு படம் எடுத்து முடிப்பதற்குள் பாதி பளபளவென்று ஆகிவிட்டது. பழைய காசுக்கு அதன் கறுப்புதான் மரியாதை. குழுவில் எனக்குத் துக்கம் விசாரித்தார்கள்.

"காசுக்கு பாயி தலகாணி எல்லாம் போட்டாச்சு. தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி," என்றாள் என் மனைவி.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். ஊர் வெதுருகுப்பம் பக்கம். வேர்க்கடலை போட்டுப் பிழைக்கிற வீடு. மாமனார் இல்லை. மகனுக்கு, அதாவது என் மைத்துனனுக்கு, திருப்பதியில் பெண் பார்த்துப் பேசி முடித்தாயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. கடை, துணிமணி வேலைக்கெல்லாம் வசதி என்று அத்தை சித்தூருக்கே வந்துவிட்டார்.

அத்தைக்கும் எனக்கும் உள்ள பேச்சுவார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தையே கிடையாது. அவர்கள் ஊர்ப் பக்கம் மாமியார் மருமகனுக்கு முன்னால் உட்கார மாட்டார், எதிரே சாப்பிட மாட்டார், நேராகப் பேச மாட்டார். நான் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாலும், "உங்க ஊட்டுக்காரரு காப்பி குடிக்கிறாரான்னு கேளும்மா" என்று மகளிடம்தான் கேட்பார். நானும், "குடிப்பேன்னு சொல்லு" என்பேன். மனைவி இடையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, "ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல?" என்பாள்.

இப்படிப்பட்ட அத்தைக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல் என்பது எனக்குத் தெரியக் கூடாத விஷயம். சம்பந்தி வீட்டார் முன்னால் நன்றாக வாய்விட்டுப் பேச வேண்டுமே என்று, பெண் பார்க்கப் போகும் முன்பே திருப்பதியில் ஒரு கிளினிக்கில் கட்டிக்கொண்டார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனதாக என்னிடம் சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குக் கண் அப்படியே இருக்க, வாய் மட்டும் நிமிர்ந்திருந்தது. நானும் கண் எப்படி இருக்கிறது என்று மனைவியிடம் விசாரித்தேன். மரியாதை என்பது இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அத்தை உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். என் கையில் ஒரு காலணா, வெள்ளைக்காரன் காலத்துச் செம்பு. சாய்மானத்துக்குப் பூண்டுப் பல் சரியாக இருக்குமோ என்று சமையலறையில் துழாவினேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால், தட்டு போட்டு மூடிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. பூண்டு தேடுகிறவன் தண்ணீர் டம்ளரைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்தேன்.

உள்ளே அத்தை சிரித்துக்கொண்டிருந்தார்.

மூடி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். மூடவும் செய்தேன். ஆனால் அதற்குள் என் கண் அதன் வளைவைப் பார்த்துவிட்டது. மேலண்ணப் பலகை குழிவாக, வழவழப்பாக, ஒரு சின்ன நாற்காலியின் இருக்கை மாதிரி. அதன் விளிம்பில் வேலி போட்டாற்போல் பல் வரிசை. காசை அதில் உட்காரவைத்து முன்பற்களில் முதுகைச் சாய்த்தால் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. ஒரே ஒரு படம், ஐந்து நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கச்சிதமாக உட்கார்ந்தது. இவ்வளவு நாள் நான் தேடிய சாய்மானம் என் வீட்டு அடுக்களையிலேயே நீரில் கிடந்திருக்கிறது. வெளிச்சம் காசின் மேல் வழிந்து, எழுத்துகள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றன. ஒரு படம் என்றது பத்தாயிற்று. காலணா என்றது என்னிடம் இருந்த எல்லாக் காசும் ஆயிற்று. ஓரத்தில் தெரிந்த ரோஸ் நிறத்தை வெட்டிவிட்டுக் குழுவில் போட்டேன். அப்பளம் என்று சொன்னவரே, "சார், என்ன ஸ்டாண்டு வாங்கினீங்க?" என்று கேட்டார். சொந்தத் தயாரிப்பு என்று பதில் போட்டேன். அந்தப் பெருமையில் கால் தரையில் படவில்லை.

அதோடு எடுத்த இடத்தில் வைத்திருந்தால்கூட இந்தக் கதை இல்லை. எனக்குத் திடீரென்று மனசாட்சி வந்தது. எத்தனை பேர் கைபட்ட காசு. சாராயக் கடை, சந்தை, சுருக்குப் பை என்று எங்கெல்லாம் புரண்டு வந்ததோ. அது பட்ட பல்லை அப்படியே ஒரு பெரிய மனுஷியின் வாய்க்குத் திருப்பி அனுப்பலாமா? நான் என்ன அவ்வளவு மோசமானவனா? காப்பிக்காக அடுப்பில் வைத்திருந்த தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பல்லை ஒரு கிண்ணத்தில் வைத்து, கொதிதண்ணீரை மேலே ஊற்றி, நன்றாக ஊறவிட்டேன். பிறகு டம்ளரில் புதுத் தண்ணீர் பிடித்துப் போட்டு மூடினேன். பார்ப்பதற்கு முன்பு இருந்தபடியேதான் இருந்தது. சுத்தமான காரியம் செய்த நிம்மதியோடு காப்பி குடித்தேன்.

சாயங்காலம் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். மனைவி வாங்கி வந்த முறுக்கைத் தொடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோற்றைக் கரைத்துக் குடித்தார். அம்மாவும் மகளும் உள் அறையில் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். நான் காப்பி குடிக்கிறேனா என்று கேட்கும் குரலும் அன்று வரவில்லை. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

மனைவி வந்து, "அம்மாவுக்கு பல்லு வலியாங்க. எனக்கு பரீட்ச நடந்துக்கினு கீது, லீவு கெடைக்காது. நாளைக்கு நீங்க போறப்ப திருப்பதிக்கு கூட்டிக்கினு போயி காட்டிட்டு வாங்க," என்றாள்.

"பல்லு வலியா? எந்தப் பல்லு?" என்று கேட்டேன். கேட்ட வாயை இப்போதும் கிள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவள் ஒரு நிமிஷம் யோசித்து, "எல்லாப் பல்லும்," என்றாள்.

பஸ்ஸில் அத்தை முன்னால் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தார். நான் நாலு சீட் தள்ளி. வழி நெடுக அவருடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போனேன். மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? உங்களுக்குக் கட்டுப்பல் என்று எனக்குத் தெரியும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொல்வது பல்லைக் கெடுத்ததைவிடப் பெரிய அவமரியாதை என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். கோழைக்கு மரியாதை ஒரு நல்ல போர்வை.

கிளினிக்கில் என்னை வெளியிலேயே உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, கூட வந்தவர் நீங்கள்தானே, டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்று தெலுங்கில் சொல்லி என்னையும் உள்ளே தள்ளிவிட்டார். அத்தை நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். டாக்டரம்மா சின்ன வயசு. பல் செட்டை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார். ஒரு கால் குட்டையான நாற்காலிபோல் அது ஆடியது. பலகை வளைந்துவிட்டது, இனி சரிசெய்ய முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும், நிச்சயதார்த்தத்துக்குள் கைக்கு வராது என்றார். பிறகு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வேடி நீள்ளல்லோ எவரு வேசாரு?"

வெந்நீரில் போட்டது யார் என்று கேள்வி. சுவரில் பல் ஒன்று கைகால் முளைத்துச் சிரிக்கிற படம் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

முந்தானைக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "நேனேம்மா. தெலீக வேசினா."

நான்தானம்மா, தெரியாமல் போட்டுவிட்டேன் என்கிறார். கிளினிக்கே அந்த நிமிஷம் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. இல்லை டாக்டர், நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இந்த உலகத்தில் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, பொறுப்புள்ள மருமகன் குரலில், "இனிமே பச்சத்தண்ணியிலயே போடுங்க அத்தை," என்றேன்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அவர் தலையை ஆட்டினார். டாக்டரம்மா மெழுகு மாதிரி எதையோ வாயில் வைத்து அளவு எடுத்தார். திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். அன்றைக்கு மூன்று பில் தப்பு.

நிச்சயதார்த்தம் திருப்பதியில், பெண் வீட்டாரின் தெருவிலேயே இருந்த ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. அத்தை கெட்டுப்போன பழைய செட்டையே வாயில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கன்னம் ஒடுங்கித் தெரியக் கூடாதாம். வாயைத் திறந்தால் விழுந்துவிடும். அதனால் உதட்டை இறுக்கி, நாக்கால் தாங்கிப் பிடித்தபடி, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன அன்று இதே சம்பந்திகளிடம் கடலைச் சாகுபடியிலிருந்து கார்வேட்டிநகரம் பஸ் வரைக்கும் பேசிச் சிரிக்கவைத்த மனுஷி அவர். பெண் வீட்டுப் பெண்கள் அவரைப் பார்ப்பதும் ஒருவர் காதில் ஒருவர் சொல்வதுமாக இருந்தார்கள். பையனோட அம்மாவுக்கு இப்போ இஷ்டம் இல்லபோல என்று ஒரு குரல் என் காதிலேயே விழுந்தது.

மாமனார் இல்லாததால் மாப்பிள்ளை வீட்டுத் தட்டை மூத்த மருமகனான நான்தான் பிடித்திருந்தேன். எதிரே பெண்ணின் தாய்மாமன் பெண் வீட்டுத் தட்டோடு நின்றார். தட்டு மாற்றும் முன் பையனைப் பெற்றவள் சம்மதம் என்று வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அவர் அத்தையைப் பார்த்து, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அத்தை பலமாகத் தலையை ஆட்டினார். தாய்மாமன் தட்டை நீட்டவில்லை.

"தலயாட்னா எப்டிம்மா? நோட்டிதோ ஒக்க மாட்ட செப்பண்டி," என்றார். வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

குனிந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வரத் தயாராக இருந்தது. என் மைத்துனன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் மனைவி என்னைப் பார்த்து, ஏதாவது சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். கடையில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில் ஓயாமல் பேசுகிறவன் நான். சாவு வீட்டில்கூட எனக்கு ஒரு ஜோக் தோன்றும். அன்று தட்டிலிருந்த வாழைப்பழத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் முப்பத்திரண்டு பல்லும் சொந்தமாக வைத்திருந்தவனின் வாய்தான் திறக்கவில்லை.

அத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். முந்தானைக்குள் கை போய்வந்தது. எதையோ முந்தானை ஓரத்தில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு திரும்பி, முந்தானையை இழுத்துவிட்டு, ஒடுங்கிய வாயை எல்லோருக்கும் தெரியும்படி திறந்தார்.

"எனக்கு பல்லு இல்லம்மா. அதான் பேசல. எங்குளுக்கு இந்தப் பொண்ணுதான் வோணும். முழு சம்மதம்."

காற்று கலந்து வந்த குரல்தான், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பெண்ணின் அம்மா எழுந்து வந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தட்டு மாறியது. நான் தட்டைக் கோணலாகப் பிடித்ததில் ஒரு பாக்குப் பொட்டலம் கீழே விழுந்தது. யாரோ எடுத்து வைத்தார்கள்.

பந்தியில் அத்தை எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். மறைந்துகொள்ளவில்லை. ரசம் சோற்றைப் பிசைந்து குழந்தைபோல் சாப்பிட்டார். என் இலையில் வடை விழுந்தது. கடித்தேன். மொறுக்கென்று கேட்ட அந்தச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. மீதியை இலைக்கடியில் தள்ளிவிட்டேன்.

புதுச் செட் அதற்கப்புறம்தான் தயாரானது. கடையிலிருந்து போய் நானே வாங்கிக்கொண்டு சித்தூருக்கு வந்தேன். வீட்டில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டப்பாவை அத்தையின் முன்னால் வைத்தேன். டாக்டரம்மா சொல்லி அனுப்பியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"பச்சத்தண்ணியிலதான் போடணுமாம், அத்தை."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். வாயை மூடிக்கொள்ளவில்லை. மகள் பக்கம் திரும்பவும் இல்லை.

"நான் என்னிக்கும் பச்சத்தண்ணிலதான் போடறது, மாப்ள."

மனைவியின் சிவப்புப் பேனா நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். புதிதாக ஒன்றும் தெரிந்துகொண்ட முகமாக இல்லை அது. நான் உட்கார்ந்தேன். மாமியாரும் மருமகனும் எதிரெதிரே உட்காரக் கூடாது என்பதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நான்தான் அத்தை. கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டேன். சுத்தம் பண்ணலாம்னு."

"அது தெரியும். அன்னிக்கு போட்டதுமே வாயெல்லாம் செம்பு நாத்தம். ஊத்தறதுக்கு முந்தி அதுல இன்னா வெச்சீங்க?"

"காசு."

"யாரு காசு?"

"வெள்ளக்காரன் காசு, அத்தை."

மனைவி பரீட்சைத் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள். தாள் குலுங்கியது. அத்தை சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து புதுப்பல்லைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய், ஒரு தடவைக்கு மூன்று தடவையாக அதைக் கழுவினார். நான் அங்கேயே உட்கார்ந்து, அவர் விட்டுப்போன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தேன்.